டிரசர் ஐயாவின் நட்சத்திரப் பெட்டி

எங்கள் தோட்டத்து டிரசர் ஐயா, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வாயில் தர்மாமீட்டரை வைப்பதற்கு முன்னால் அதைத் தன் வாயில் வைத்துப் பார்ப்பார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்க்கு எரிச்சலாக வரும்.

“ஐயா, காய்ச்ச எம்புள்ளைக்கு. ஒங்களுக்கு இல்ல.”

வாயில் கண்ணாடிக் குழாய் இருப்பதால் அவர் பதில் சொல்ல முடியாது. பொறு என்று ஒரு விரலை மட்டும் தூக்குவார். பிறகு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “எனக்குக் காய்ச்சல் இல்லன்னு சரியாச் சொல்லுது. இனிமே ஒம்புள்ளையப் பத்தி இது சொல்றத நம்பலாம்” என்பார். ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைத்த பிறகுதான் பிள்ளையின் வாய்க்குப் போகும்.

டிரசர் என்றால் யார் என்று நீங்கள் கேட்பீர்கள், பிள்ளைகளே. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவரை அப்போது அப்படித்தான் அழைப்போம். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் பிரசவம் பார்ப்பதும் மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பதும் டிரசர்தான். எங்கள் டிரசர் ஐயா டவுன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், தனியாள். பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. அதனால் இங்கேயும் டிரசர் ஐயா என்றே எழுதுகிறேன்.

கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் அவர் சாமான் வாங்கப் போனால், வெங்காயத்தைத் தராசில் போடுவதற்கு முன் வெறும் தட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வார். இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும். கடைக்காரர் தூரத்திலேயே அவர் குடையைப் பார்த்துவிட்டு உள்ளே சத்தம் போடுவார்: “டேய், டிரசர் வர்றாரு லா! தட்டத் தொடச்சு வைடா!”

கடையில் இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். டிரசர் ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார். “தொடைக்க வேணாம். நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே காட்டுங்க” என்பார்.

“ஒண்ணுமே இல்லாதப்ப அது என்ன சொல்லுதுன்னு மொதல்ல பாக்கணும்.” இந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்காத வாரம் கிடையாது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஒரு நாள் வம்புக்காக, “ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறீங்களே, சாமி இருக்காரான்னு சோதிச்சுப் பாத்துட்டுத்தான் போறீங்களா?” என்று கேட்டார். “இல்ல மண்டோரே, அங்க போனா என்னையத்தான் சோதிக்கிறாங்க” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அவர் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சின்னதுரை தன் பித்தளைத் தொலைநோக்கியை டிரசர் ஐயாவிடம் விட்டுப் போயிருந்தார். அதில் நிலாவையும் நட்சத்திரத்தையும் பார்க்கலாம். பார்ப்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. தொலைநோக்கியின் பின்பக்கத்தில் பொருத்த ஒரு மரப்பெட்டி வேண்டும் என்றார். நான் அப்போது புகைவீட்டில் ரப்பர் ஷீட் காய வைக்கும் வேலையில் இருந்தேன். கொஞ்சம் தச்சு வேலையும் தெரியும். பலகை அறுத்து, உள்ளே கரி பூசி, சந்துகளில் தார் வைத்து, எறும்பு நுழையக்கூட இடமில்லாமல் செய்து கொடுத்தேன்.

“இதுக்குள்ள என்னாங்கய்யா வெப்பீங்க?”

“வெளிச்சத்த.”

நட்சத்திரத்தின் வெளிச்சம் மெல்லிய கீறல் ஒன்றின் வழியாக உள்ளே வரும். அங்கே முக்கோணக் கண்ணாடி ஒன்று அதை வானவில் போல விரிக்கும். ஊதா ஒரு பக்கம், சிவப்பு மறு பக்கம். சிவப்பைத் தாண்டி நம் கண்ணுக்கு இருட்டுத்தான். ஆனால் அந்த இருட்டிலும் வெளிச்சம் இருக்கிறது என்றார் டிரசர் ஐயா. எனக்குப் புரியவில்லை. புகைவீட்டு அடுப்பின் இரும்புக் கதவுக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

“இரும்பு செவந்திருக்கா தம்பி?”

“இல்லீங்க. கறுப்பாத்தான் இருக்கு.”

“கிட்டப் போ. மூஞ்சில என்ன தெரியுது?”

“சுடுது.”

“தொடாமலே சுடுதுல்ல? அதுல பாதி வெளிச்சந்தான். நம்ம கண்ணுக்கு அதப் பாக்கக் குடுத்து வெக்கல.”

அந்தக் காணாத வெளிச்சத்தைப் பிடிக்க, உலகச் சண்டை முடிந்தபின் கிள்ளானில் பழைய ராணுவச் சாமான் விற்கிற கடையிலிருந்து நகத்தளவு சில்லு ஒன்றை வாங்கி வந்திருந்தார். சிவப்புக்கு அடுத்த இருட்டில் அதை வைத்து, கம்பி இழுத்து, ஒரு முள் காட்டும் கருவியோடு இணைத்தார். காணாத வெளிச்சம் சில்லின்மேல் பட்டால் முள் நகரும். சில்லுக்குச் சூடு ஆகாது. சூடேறினால் ஒன்றும் படாமலே முள் ஆடும். அதனால் செகிஞ்சானிலிருந்து மீன் ஏற்றி வரும் லோரியில் ஐஸ் வாங்கி, தவிட்டில் புதைத்து வைத்து, பெட்டியின் அடியில் ஒரு தகர டப்பாவில் போடுவார். நட்சத்திரம் பார்க்கிற பெட்டியில் மீன் வாடை அடிக்கும்.

அதைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் மூடியைப் போட்டுப் பார்ப்பார். முள் அசையக் கூடாது. பிறகு மண்ணெண்ணெய் விளக்கைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பார். முள் அசைய வேண்டும். “அசையாத முள்ள நம்பாத. அசையத் தெரிஞ்ச முள்ளுதானா அதுன்னு பாரு” என்பார். மூன்றாவதாக, கண்ணாடிப் புட்டி நிறைய மின்மினி கேட்பார்.

மின்மினியின் வெளிச்சம் குளிர்ந்த வெளிச்சம். கண்ணுக்குத் தெரியும் பச்சை மஞ்சளோடு அது முடிந்துவிடும். சிவப்பைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே மின்மினிப் புட்டியைக் காட்டும்போது முள் அசைந்தால், பெட்டிக்குள் எங்கோ வெளிச்சம் தப்பான இடத்துக்குக் கசிகிறது என்று அர்த்தம். நான் மறுபடியும் தார் வைப்பேன். சோதித்து முடிந்ததும் மின்மினிகளைச் செடியில் விட்டுவிடச் சொல்வார்.

நிலாவுக்கு முள் நன்றாக நகர்ந்தது. திருவாதிரை நட்சத்திரத்துக்கு நகர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்குள் அவசரகாலம் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். காட்டுக்குள் கம்யூனிஸ்டுக்காரர்கள் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சோறு கொடுக்கக் கூடாது என்று அரசாங்கம் நாங்கள் குடியிருந்த லயங்களையெல்லாம் வேலிக்குள் அடைத்தது. கேட்டில் ஒவ்வொரு ஆளையும் தடவிச் சோதித்துத்தான் உள்ளேயும் வெளியேயும் விடுவார்கள். பொழுது சாய்ந்தபின் வெளியே நடமாட முடியாது. இந்தப் பக்கம் காட்டுக்காரர்களுக்குப் பயம், அந்தப் பக்கம் போலீசுக்குப் பயம்.

அப்படி ஒரு சாயங்காலம் என் அக்கா லெட்சுமியின் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மச்சான் ஆற்றில் மீன்கூடு போடுகிறவர். அன்றைக்குக் கூட்டைத் தூக்கிக்கொண்டு கேட் மூடும் நேரத்துக்கு அவசரமாக வந்தார். அதே நேரத்தில் ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மினுங்கியதைக் காவல் மேடையிலிருந்த பெருமாள் பார்த்திருக்கிறார். பெருமாள் பகாங் மலைப்பக்கத்து ஆள். ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து எங்கள் தோட்டத்துக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கரை வெளிச்சம் மச்சானுக்குக் காட்டிய சைகை என்று அவர் மேலே சொல்லிவிட்டார்.

எங்கள் லயத்தில் எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். ஆற்றோரத்து மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணையும். மலைப்பக்கத்து மின்மினிகள் அப்படிச் செய்வதில்லை. பெருமாள் அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறார்.

விடிந்ததும் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். “கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்களாம்யா. எந்த ஊருக்கு? அவரு பொறந்ததே இந்த லயத்துல! மின்மினி எது வெளக்கு எதுன்னு பிரிச்சுக் காட்டுமே ஒங்க பொட்டி, அத எடுத்துட்டு வாங்கய்யா!”

டிரசர் ஐயா குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கோலா சிலாங்கூரில் இன்ஸ்பெக்டர் அவரை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். ஈப்போவிலிருந்து வந்த தமிழர், பொறுமையான மனிதர். “மின்மினி இருக்கலாம் டிரசர். இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு நடுவுல ஒருத்தன் லாம்ப மறைச்சு வெச்சிருந்தா? அந்தக் கரைக்கு என் ஆளுங்கள அனுப்ப முடியாது. இங்கேர்ந்து எப்படித் தெரியும்?” என்றாராம்.

“இங்கேர்ந்தே பாக்கலாம் சார். நீங்களும் வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தார் டிரசர் ஐயா.

அடுத்த நாள் பொழுது சாயும்போது இன்ஸ்பெக்டரின் ஜீப் ஆற்றோர வேலிக்கு வந்து நின்றது. பெருமாளும் இருந்தார். அக்கா வரக்கூடாது என்றார்கள். அவள் கேட்கவில்லை. நான் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தினேன். அங்கே சேறாக இருந்ததால் முக்காலியை ஜீப்பின் மூக்கோடு ஒட்டினாற்போல் வைத்து, பெட்டியின் அடிப்பாகம் ஜீப்பின் மேல் தகட்டில் தாங்கும்படி பொருத்தினோம். வசதியாகத்தான் இருந்தது.

இருட்டத் தொடங்கியது. அந்தக் கரை மரம் ஒன்று எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

“அதான் சார்” என்றார் பெருமாள். “அந்த மரந்தான்.”

டிரசர் ஐயா தொலைநோக்கியை அதன்மேல் திருப்பினார். எல்லாரும் முள்ளைப் பார்த்தோம்.

முள் நகர்ந்தது. மெல்ல, ஆனால் நன்றாகவே நகர்ந்தது.

அக்கா “ஐயோ” என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். டிரசர் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஆமா சார், நகருது” என்றார். முள்ளை மறைக்கவோ தட்டவோ இல்லை. “தம்பி, மூடியப் போடு.”

மூடியைப் போட்டேன். மரம் மறைந்தது, ஆறு மறைந்தது. முள் நிற்கவில்லை. அதே வேகத்தில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

டிரசர் ஐயா பெட்டிக்கு அடியில் கையை விட்டார். பிறகு ஜீப்பின் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துச் சடக்கென்று எடுத்துக்கொண்டார். “கோலா சிலாங்கூர்லேர்ந்து வந்த இஞ்சின் சார். அதான் ஐஸக் கரைச்சிருச்சு. பெட்டி தன் சூட்டத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. அந்தக் கரையப் பத்தி இன்னும் ஒண்ணுமே சொல்லல.”

“இருட்டிக்கிட்டே போவுது டிரசர்.”

“கொஞ்சம் பொறுங்க சார்.”

முக்காலியைச் சேற்றிலேயே ஆழ ஊன்றினோம். டப்பாவில் புது ஐஸ் போட்டோம். காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கொசு பிடுங்கியது. முள் கீழே இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது. மூடியை எடுத்தோம். மரம் எரிந்தது, அணைந்தது. முள் செத்தது போலக் கிடந்தது.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். இன்ஸ்பெக்டர் கும்பிடவில்லை. “உங்க பெட்டி செத்துப்போயிருந்தாலும் இப்படித்தான டிரசர் இருக்கும்?” என்றார்.

டிரசர் ஐயாவுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. தனக்கு வேண்டிய கேள்வியை இன்னொருவர் கேட்டுவிட்ட சந்தோஷம் அது. “அப்படிக் கேளுங்க சார்!”

ஒரு அரிக்கன் விளக்கை ஏற்றி, அதைச் சுற்றி வாழையிலையைக் கட்டி, ஒரு போலீஸ்காரரோடு என்னை அனுப்பினார். எங்கள் கரையிலேயே ஆறு வளைகிற இடத்துக்குப் போனோம். மரத்துக்கு இருக்கிற தூரம்தான் அங்கேயும். இலைக்குள் விளக்கு மங்கலாக, பச்சையாக, மின்மினி மாதிரியே தெரிந்தது. டிரசர் ஐயா சொல்லியிருந்தபடி போலீஸ்காரரின் தொப்பியால் மறைத்து மறைத்துத் திறந்தேன். மங்கலாகத் தெரிந்தாலும் அது தீ. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை வாழையிலையால் மறைக்க முடியாது.

நான் திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் முள்ளின்மேல் குனிந்திருந்தார். “என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்யா. இது மட்டும் ஒவ்வொரு தடவையும் எகிறுதே!” பிறகு நிமிர்ந்தார். “சரி டிரசர். அப்ப, அந்த ஆளு சைகை எதுவும் வாங்கலேன்னு எழுதிக்கலாமா?”

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

“அது எனக்குத் தெரியாது சார்” என்றார் டிரசர் ஐயா.

அக்கா எழுந்து நின்றாள். “என்னய்யா சொல்றீங்க!”

“இன்னிக்கு அந்த மரத்துல வெளக்கு இல்ல. அதச் சொல்லலாம். அன்னிக்கு எரிஞ்சத நான் பாக்கல. பாக்காதத எப்படிம்மா சொல்றது?”

“ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? நீங்க மனுசனாய்யா?” அவள் குரல் ஆற்றைத் தாண்டியது. டிரசர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது பெருமாள் தொண்டையைக் கனைத்தார். இவ்வளவு நேரமும் யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, பொய்க்காரன் என்று சொல்லவில்லை. மச்சானைப் பிடித்த அன்றைக்கு எரிந்தது என்ன என்று சொல்வதை டிரசர் ஐயா அவருக்கென்றே விட்டுவைத்தது போல இருந்தது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

“சார், நான் பாத்தேன்” என்றார். “இதே மரந்தான். இதே மாதிரிதான் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுச்சு. இது மின்மினின்னா, அன்னிக்குப் பாத்ததும் மின்மினிதான். எங்க மலையில இது மாதிரி எரிஞ்சு பாத்ததில்ல சார். பயந்துட்டேன்.”

இன்ஸ்பெக்டர் அவரை நேராகப் பார்த்தார். “எழுதிக் கையெழுத்துப் போடுவியா?”

“போடுறேன் சார்.”

மச்சானை உடனே விட்டுவிடவில்லை. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். அந்த நாட்களில் அக்கா டிரசர் ஐயாவோடு பேசவில்லை. பிள்ளைக்கு இருமல் வந்தபோதுகூட அதை என்னிடம்தான் கொடுத்தனுப்பினாள். டிரசர் ஐயா வழக்கம்போல் தர்மாமீட்டரைத் தன் வாயில் வைத்துப் பார்த்தார். மருந்தைக் கொடுத்துவிட்டு, “புள்ளையோட அம்மா சாப்பிடுறாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் அவருக்கு ஒரு உதவி செய்தார். ஆஸ்பத்திரி முற்றத்தில் பெட்டியோடு இருட்டிய பிறகும் நிற்கலாம் என்று கேட் காவலரிடம் சொல்லிவைத்தார். திருவாதிரைக்கு முள் நகர்ந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு மயிரிழை நகர்ந்தது. நான் துள்ளிக் குதித்தேன். “இன்னொரு நாளும் நகரட்டும் தம்பி” என்றார் அவர். இன்னொரு நாளும் நகர்ந்தது. “நம்ம ஊரு காத்துல ஈரம் அதிகம். வர்ற வெளிச்சத்த ஈரம் குடிச்சிருது. காஞ்ச மலை உச்சியில, பெரிய தொலைநோக்கியில, இப்படி ஒரு பெட்டிய ஒரு நாள் மாட்டுவாங்க பாரு” என்று சொன்னார். இப்போது அப்படித்தான் மாட்டியிருக்கிறார்களாம். ஐஸ் போதாதென்று அதைவிடப் பல மடங்கு குளிர வைக்கிறார்களாம். செய்தித்தாளில் படித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து மச்சான் இறங்கினார். இளைத்துப்போயிருந்தார். அவருக்குப் பின்னால் கோயிலுக்குப் போய்விட்டு வந்த டிரசர் ஐயாவும் குடையோடு இறங்கினார். நாங்கள் எல்லாம் கேட்டுக்கு உள்பக்கம் நின்றோம். கேட்டில் காவல் பெருமாள்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். உள்ளே வருகிறவரைத் தடவிச் சோதிக்க வேண்டும். மச்சான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். பெருமாளின் கை அவர் சட்டைப்பக்கம் போகவில்லை. லயமே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னாப்பா நிக்கிற? நல்லாத் தேடு லா” என்றார் மச்சான். “பையில ரெண்டு மின்மினி வெச்சிருந்தாலும் வெச்சிருப்பேன்.”

பெருமாள் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அவரச் சீக்கிரம் விடு பெருமாளு” என்று பின்னாலிருந்து டிரசர் ஐயா சொன்னார். “உள்ள ஒரு ஆளு புதுசா நிக்கப் பழகியிருக்கு. ரொம்ப நேரம் தாங்காது.”

அக்கா டிரசர் ஐயாவை நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை அவள் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு கால்களை அகட்டி நின்றது.

பெருமாள் கேட்டைத் திறந்தார். பிள்ளை அப்பாவிடம் போகட்டும் என்று அக்கா விரல்களை விடுவித்துக்கொண்டாள்.